பீஸ் கட்டியாச்சா?

பொருளியலில் அரியர் வைத்திருக்கும் பையனைப் பார்த்து யாரும் பரிதாபப்பட வேண்டியதில்லை. பாடம் அவன் மண்டையில் ஏறவில்லை என்று வீட்டில் புலம்புவார்கள். நம்பாதீர்கள். நன்றாகவே ஏறியிருக்கிறது. குறைந்த செலவில் நிறைந்த பயன் பெறுவது எப்படி என்பதை முதல் செமஸ்டரிலேயே புரிந்துகொண்டு காரியத்தில் இறங்கிவிட்டான். புரிந்ததை உட்கார்ந்து மூன்று மணி நேரம் எழுதிக் காட்டுவதைத்தான் வீண் செலவு என்று நினைக்கிறான்.

நான் மலைக்குக் கீழே ஒரு கல்லூரியில் பொருளியல் துறைக் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் மாதாமாதம் வரும். சம்பளம் அதன் சௌகரியம் பார்த்து வரும். வீடு காவலூரில். வாணியம்பாடியில் இறங்கி, ஆலங்காயம் வந்து, அங்கிருந்து ஜவ்வாது மலை ஏறினால் சுமார் எழுநூறு மீட்டர் உயரத்தில் எங்கள் ஊர். வெளியூர்க்காரர்களுக்கு வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிற ஊர் என்றால்தான் தெரியும். 1986-இல் ராஜீவ் காந்தி வந்து திறந்து வைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கி இங்கேதான் இருக்கிறது. பல கோடி மைலுக்கு அப்பால் இருக்கும் நட்சத்திரத்தின் வெளிச்சம் ஒழுங்காக வந்து சேரும் இந்த ஊருக்கு, ஆலங்காயத்திலிருந்து அனுப்பிய வாட்ஸ்அப் மட்டும் சாயங்காலம்தான் வந்து சேரும்.

2020 மார்ச் கடைசியில் கொரோனாவுக்காக ஊரடங்கு போட்டார்கள். வகுப்பெல்லாம் ஆன்லைன் ஆயிற்று. எங்கள் பக்கத்தில் ஒழுங்காக டவர் கிடைத்தது ஒரே ஒரு பாறைமேல். அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான் வருவார்கள். வேறு வழியில்லாமல் நானும் அங்கேதான் போனேன். ஆக, பாறையின் இந்தப் பக்கம் நான் உட்கார்ந்து போனைப் பார்த்துச் சமநோக்கு வளைகோடு நடத்துவேன். அந்தப் பக்கம் என் மாணவர்கள் மூன்று பேர் எனக்கு முதுகைக் காட்டியபடி அவரவர் போனில் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் பேசுவது அவர்கள் காதில் முதலில் நேராகவும், பிறகு பெங்களூரோ சிங்கப்பூரோ போய்வந்தும் விழும். "சார், உங்க வாய்ஸ் எக்கோ அடிக்குது, மியூட் பண்ணுங்க" என்று ஒருத்தன் சாட்டில் எழுதினான். மியூட் பண்ணினால் கீழே சமவெளியில் இருக்கிற ஐம்பது பேருக்கு எப்படிக் கேட்கும்? "அப்படியே திரும்பி உட்காருங்கடா, சொல்றேன்" என்றால், "அட்டென்டன்ஸ் போயிடும் சார்" என்றார்கள்.

வகுப்பு நடத்துவதுகூடப் பரவாயில்லை, இன்டர்னல் பரீட்சை வைப்பதில்தான் பொருளியல் தன் முழு உருவத்தைக் காட்டியது. மூடில் என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு. மார்ட்டின் டூகியாமாஸ் என்ற ஆஸ்திரேலியர் 2002-இல் வெளியிட்டது. உலகத்தில் எத்தனையோ கல்லூரிக்காரர்கள் அதில்தான் வினாடி வினா வைக்கிறார்கள். டவர் பிரச்சினை இருப்பதால் ஒரே தேர்வை மறுபடி மறுபடி எழுத அனுமதிக்கலாம் என்று துறையில் முடிவாயிற்று. மறுபடி எழுதினால் எந்த மதிப்பெண்ணை எடுத்துக்கொள்வது? மூடில் நான்கு வழி கொடுக்கிறது: உச்ச மதிப்பெண், சராசரி, முதல் முயற்சி, கடைசி முயற்சி. திரையில் பார்க்க நான்கு சின்னத் தேர்வுகள். எது வேண்டுமோ சொடுக்கிவிட்டுப் போகலாம். அந்தச் சொடுக்கில் என் மாணவர்களின் குணமே மாறிப் போவதைக் கண்ணாரக் கண்டேன்.

முதல் தேர்வுக்கு உச்ச மதிப்பெண் என்று வைத்தேன். முதல் முயற்சியில் எல்லாரும் இருபதுக்கு இரண்டு, மூன்று. மனசே ஒடிந்துவிட்டது. அடுத்த அரைமணி நேரத்தில் எல்லாரும் இருபதுக்கு இருபது. முதல் முயற்சி பரீட்சையே அல்ல, வினாத்தாளை வெளியே எடுத்துவரும் வேலை. அடுத்த தேர்வில் சராசரியை எடுப்பேன் என்றேன். இப்போது முதல் ஆளாக உள்ளே போக யாரும் தயாரில்லை. ஏனென்றால் முதலில் போகிறவன் கேள்விகளை வெளியே சொல்வான், அவன் சராசரி அடிபடும், மற்றவர்கள் அவன் செலவில் இருபது வாங்குவார்கள். எங்கள் பாடத்தில் இதற்கு இலவசப் பயணிப் பிரச்சினை என்று பெயர். தெருவிளக்குக்கு யார் காசு கொடுப்பது என்று எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொண்டு நிற்பதால் தெருவே இருட்டாகிவிடும் என்று புத்தகம் சொல்கிறது. பெரிய பெரிய மேதைகள் தலையைப் பிய்த்துக்கொண்ட விஷயம். என் வகுப்பில் ஒரு பெண் இரண்டு நாளில் முடித்துவிட்டாள். முறை போட்டாள். இந்தத் தேர்வுக்கு நீ, அடுத்ததுக்கு அவன், அதற்கடுத்ததுக்கு நான். பலியாகிறவனுக்கு ஈடாக அவனுடைய அசைன்மென்டை மற்றவர்கள் எழுதித் தர வேண்டும். முறை தவறினால் குரூப்பிலிருந்து நீக்கம். பிற்பாடு எனக்கு இது தெரியவந்தபோது கோபப்பட வேண்டும் என்று ரொம்ப முயன்றேன். கோபம் வரவில்லை. பத்து மதிப்பெண் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எந்தத் தாளிலும் நான் பார்த்ததில்லை.

கடைசி முயற்சிதான் கணக்கு என்று வைத்தபோது நடந்தது வேறு. பதினான்கு வாங்கியவன் திரும்பிப் பார்க்கவே மாட்டேன் என்றான்; பத்து வாங்கியவன் ராத்திரி முழுக்கத் தூங்காமல் மறுபடி எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தான்; இரண்டு வாங்கியவன் மட்டும் சந்தோஷமாக எழுதிக்கொண்டே இருந்தான், அவனுக்கு இழக்க ஒன்றுமில்லை. முதல் முயற்சிதான் கணக்கு என்று சொன்ன அன்று அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் டவர் போயிற்று.

கேள்வியில் எண்களை ஆளுக்கு ஆள் மாற்றி வைத்துப் பார்த்தேன். தேவை நெகிழ்ச்சிக் கணக்கு. சாமை கிலோ 50 ரூபாயிலிருந்து 60 ஆகிறது, வாங்கும் அளவு 100 கிலோவிலிருந்து 90 ஆகிறது. விலை இருபது சதவீதம் கூடி அளவு பத்து சதவீதம் குறைவதால் விடை 0.5. இன்னொருத்தனுக்கு விலை 75 ஆகிறது, அளவு 80 ஆகிறது, விடை 0.4. எல்லாரும் 0.5 என்றே போட்டிருந்தார்கள். முறை போட்ட அதே பெண் மட்டும் எண்ணே போடவில்லை. அவள் மலைக்கு உள்ளே ஒரு சிற்றூரைச் சேர்ந்தவள். வீட்டில் சாமை விதைப்பவர்கள். விடைக்கான இடத்தில் எழுதியிருந்தாள்: "சார், சாமை விலை ஏறுனா நாங்க விப்போம். வாங்க மாட்டோம். கேள்வி கீழ இருக்கறவங்களுக்கு." மூடில் அதற்குப் பூஜ்யம் கொடுத்தது. நான் கையால் மாற்றிப் போட்டேன்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். மறுதேர்வு என்ற ஏற்பாடே இல்லாத பரீட்சை ஒன்று எங்கள் ஊரிலேயே நடந்திருக்கிறது. 1977 மார்ச் 10-ஆம் தேதி யுரேனஸ் ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே போனது. 1972-இல் இங்கே வைத்த ஒரு மீட்டர் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், கிரகம் வந்து மறைப்பதற்கு முன்னாலேயே நட்சத்திரத்தின் வெளிச்சம் மங்கி மீண்டதைப் பதிவு செய்தார்கள். விமானத்தில் தொலைநோக்கி வைத்துப் பறந்துகொண்டிருந்த அமெரிக்கர்களும் அதையே பார்த்தார்கள். யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உண்டு என்று உலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான். அந்த நேரம் பார்த்து ஒரு மேகம் வந்திருந்தால் என்ன செய்வது? யுரேனஸிடம் போய் "நெட் கட்டாயிடுச்சு சார், இன்னொரு சான்ஸ் குடுங்க" என்று கேட்க முடியுமா? இதை உருக்கமாக வகுப்பில் சொன்னேன். "அதான் அமெரிக்காக்காரன் இன்னொரு போன்ல பாத்துட்டானே சார்" என்றான் ஒருவன். அவனும் அன்றைக்கு விடைக்கு இன்னொரு போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்படி நாங்கள் பத்து மதிப்பெண்ணுக்கும் இருபது மதிப்பெண்ணுக்கும் கபடி ஆடிக்கொண்டிருந்தபோது, 2020 ஆகஸ்ட் 26-ஆம் தேதி அரசாங்கம் ஒரே அறிவிப்பில் ஆட்டத்தையே முடித்தது. அரியர் தேர்வுக்குப் பணம் கட்டிக் காத்திருந்த மாணவர்கள், இறுதிப் பருவத்தினர் தவிர, எல்லாரும் தேர்ச்சி என்றார் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி. ஊர் ஊராகப் போஸ்டர் ஒட்டினார்கள், பேனர் கட்டினார்கள். பல வருஷமாக எந்தத் தலைவரையும் நம்பாதிருந்த இளைஞர் கூட்டம் ஒரே ராத்திரியில் பக்தியில் திளைத்தது.

இதில் கவனிக்க வேண்டியது "பணம் கட்டிய" என்ற வார்த்தை. என் வகுப்பில் இரண்டு நண்பர்கள். ஒருவன், "நமக்கு இந்தத் தடவையும் வராது, எதுக்கு வீணா கட்டணும்" என்று கணக்குப் போட்டுப் பணத்தை மிச்சப்படுத்தியவன். நான் நடத்திய பாடத்தை அப்படியே பின்பற்றியவன் அவன்தான்: பலன் வராத இடத்தில் செலவு செய்யாதே. இன்னொருவன் எதையுமே யோசிக்காதவன். அம்மா திட்டியதால் இருந்த அரியருக்கெல்லாம் மொத்தமாகப் பணம் கட்டிவிட்டுத் தூங்கப் போனவன். ஆகஸ்ட் 26-ஆம் தேதி யோசிக்காதவன் பாஸ். யோசித்தவன் பெயில். அதன் பிறகு அவனை வாய்ப்புச் செலவு பற்றிப் படி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செய்தி மலை ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தபோது சித்தப்பாவின் உருவத்தில் வந்தது.

"தம்பி, பீஸ் கட்டியிருந்தா பாஸாமே?"

"ஆமா சித்தப்பா. உங்களுக்கு யாரு அரியர்?"

"எனக்குத்தான். அந்தப் பொருளியல் பேப்பர் ஒண்ணு நிக்குதே. பீஸெல்லாம் கட்டிகிறேன்பா. பரீட்சை அன்னிக்கித்தான் போவல."

"எப்ப கட்டினது?"

"அப்ப உனக்குப் பல்லு மொளைக்கல."

இந்த செமஸ்டருக்குக் கட்டியிருக்க வேண்டும் என்று எவ்வளவோ சொன்னேன். ரசீது இருந்தால் கோர்ட்டுக்கே போகலாம் என்று பரண்மேலிருந்த தகரப் பெட்டியை இறக்கினார். சலான் கிடைக்கவில்லை. சித்தியின் இரண்டு வளையல்களை வைத்த அடகுச் சீட்டு கிடைத்தது. அந்த வளையல்கள் எப்போதோ மீட்கப்பட்டு, பெரிய மகள் கல்யாணத்துக்கு அழித்து நகை செய்யப்பட்டதாக வீட்டில் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தோம். அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டில் வாய்மொழித் தேர்வு நடந்தது. சித்தப்பா தேறவில்லை. மறுதேர்வு காலையில் காபிக்கு முன் என்று சொல்லிவிட்டுச் சித்தி படுக்கப் போய்விட்டார்.

கோர்ட் என்று அவர் சொன்னது ஒருவிதத்தில் பலித்தது. ஆகஸ்ட் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், இறுதியாண்டு மாணவர்களுக்குத் தேர்வு வைக்காமல் பட்டம் கொடுக்கக் கூடாது என்றது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு அரியர் தேர்ச்சியை ஏற்கவில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் பாலகுருசாமி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2021 ஏப்ரலில் நீதிமன்றம், தேர்வில்லாத தேர்ச்சி செல்லாது, தேர்வு நடத்துங்கள் என்று சொல்லிவிட்டது. பாஸான செய்திக்கு வெட்டிய கேக் செரித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பணம் கட்டாமல் பெயிலான என் மாணவன் அன்றைக்கு எனக்கு போன் செய்து, "சார், வாய்ப்புச் செலவுன்னா இன்னான்னு இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றான். குரலில் ஒரு தெம்பு.

இதற்கு நடுவே, 2020 செப்டம்பரில், இறுதியாண்டுத் தேர்வுகள் வீட்டிலிருந்தே எழுதும் தேர்வுகளாக வந்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஒன்றரை மணி நேரம். வினாத்தாளை இணையத்தில் எடுத்துக்கொண்டு, வெள்ளைத்தாளில் கையால் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, பிடிஎப் ஆக்கி ஏற்ற வேண்டும். முடியாதவர்கள் ஸ்பீடு போஸ்டில் அனுப்பலாம். மற்ற இடங்களிலும் ஏறக்குறைய இதே கதைதான். புத்தகத்தைப் பார்த்து எழுதாதே என்று சொல்ல ஆளில்லை. சொன்னாலும் வீட்டில் புத்தகம் இருந்தால்தானே.

அப்படி வந்த தாள்களைத் திருத்தியவன் என்பதால் சில காட்சிகளைப் பதிவு செய்கிறேன். ஒரு தாளின் ஓரத்தில் இரண்டு கால்விரல்கள் இருந்தன. காற்றில் பறக்காமல் காகிதத்தை மிதித்துக்கொண்டு படம் எடுத்திருக்கிறான். ஒரு தாளின் நடுவில் கோழி நடந்திருந்தது. குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதிக்கு எல்லாரும் ஒரே ஆப்பிளைத்தான் சாப்பிட்டிருந்தார்கள்; முதல் ஆப்பிளில் கிடைத்த திருப்தி எல்லாருக்கும் ஒரே எண், நான்காவது ஆப்பிளில் எல்லாருக்கும் ஒரே எழுத்துப் பிழை. ஒருவன் மட்டும் மிகுந்த சிரத்தையோடு, நீல மையில், அழகான கையெழுத்தில், விடையின் முடிவில் "மேலும் படிக்க இங்கே கிளிக் செய்யவும்" என்று எழுதி அடிக்கோடும் இட்டிருந்தான். நான் விரலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தேன்.

திருட்டைத் தடுக்க எந்திரத்தைக் காவல் வைத்துப் பார்த்தவர்களும் உண்டு. அண்ணா பல்கலைக்கழகம் 2021 பிப்ரவரியில் ஒரு மணி நேரம் விடை தேர்ந்தெடுக்கும் தேர்வை அப்படி நடத்தியது. கேமராவும் மைக்கும் திறந்திருக்க, மென்பொருள் மாணவனைக் கவனிக்கும். முடிவு வந்தபோது தேறாதவர்களும், முடிவு நிறுத்திவைக்கப்பட்டவர்களும் ஏராளம். மே மாதம் ஆட்சி மாறியதும், புதிய உயர்கல்வி அமைச்சர் பொன்முடி தேறாதவர்களுக்கு மறுதேர்வு உண்டு, அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டாம் என்று அறிவித்தார். பணம் வாங்காத மறுதேர்வு! எங்கள் துறையில் அந்தச் செய்தியை வாசித்த மூத்த பேராசிரியர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை வாசித்தார்.

அந்த மாதிரி மென்பொருள் எப்படி வேலை செய்யும் என்று என் அக்கா மகன் ஒரு கம்பெனி வேலைக்காக வீட்டிலிருந்து தேர்வு எழுதியபோது பார்த்தேன். கண் திரையை விட்டு விலகினால் ஒரு எச்சரிக்கை. சத்தம் கேட்டால் ஒரு எச்சரிக்கை. பின்னால் இன்னொரு முகம் தெரிந்தால் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை. அம்மா மோர் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். திரை சிவந்தது. பையன், "பாட்டி போ, போ" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முனகினான்; அது சத்தக் கணக்கில் சேர்ந்தது. அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. கேமராவுக்கு நேரே குனிந்து, "நான் மூணாங்கிளாஸ்டா கண்ணு, நான் இன்னாத்த சொல்லிக் குடுத்துடப் போறேன்?" என்று மென்பொருளிடமே கேட்டார். தேர்வு அத்தோடு நின்றது.

2021 நவம்பரில் காற்று திரும்பிற்று. வகுப்பை ஆன்லைனில் நடத்திவிட்டுப் பரீட்சையை மட்டும் நேரில் வைப்பது என்ன நியாயம் என்று மதுரையிலும் மற்ற ஊர்களிலும் மாணவர்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். அடுத்த கொரோனா அலை அவர்களுக்குச் சாதகமாக வந்தது. 2022 பிப்ரவரியில் மறுபடி வீட்டுத் தேர்வு. அதே சமயத்தில்தான் அண்ணா பல்கலைக்கழகம் 2001-02 முதல் படித்துத் தேறாமல் போன பழைய மாணவர்களுக்கும் ஒரு சிறப்பு வாய்ப்புக் கொடுத்தது. வழக்கமான கட்டணத்தோடு தாளுக்கு 5,000 ரூபாய் சிறப்புக் கட்டணம். விலையை எப்படி வைப்பது என்று பாடம் எடுக்க இதைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது. இருபது வயதுப் பையனிடம் ஐந்தாயிரம் கேட்டால் கல்லெறிவான். நாற்பது வயதில், மனைவிக்கும் மாமனாருக்கும் தெரியாமல் ஒரு தாள் பாக்கி வைத்திருக்கிறவர் ஐம்பதாயிரம் கேட்டாலும் கட்டுவார், ரசீதை வீட்டு விலாசத்துக்கு அனுப்பாமல் இருந்தால் போதும். சித்தப்பா எனக்கு போன் செய்தார். அது வேறு பல்கலைக்கழகம், உங்களுக்குப் பொருந்தாது என்றேன். "பக்கத்துல சித்தி இருக்காடா, மெதுவா பேசு" என்றார்.

இப்போது நேரில்தான் தேர்வு. ஆன்லைனில் மிச்சம் இருப்பது ஸ்வயம், என்பிடெல் வகுப்புகள். என்பிடெலின் பன்னிரண்டு வார வகுப்பில் வாரம் ஒரு அசைன்மென்ட். அதில் சிறந்த எட்டை மட்டும் எடுத்து இருபத்தைந்து மதிப்பெண். கடைசித் தேர்வுக்கு எழுபத்தைந்து, அதை மட்டும் மையத்துக்குப் போய்த்தான் எழுத வேண்டும். தேர்வுக் கட்டணம் கட்டினால் போதும். இதை விளக்கி முடிப்பதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து கேள்வி வந்தது: "அப்ப நாலு வாரம் லீவா சார்?"

போன வாரம் ஒரு காகிதத்தை ஜெராக்ஸ் எடுக்க ஆலங்காயத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். வாசலில் அட்டையில் "இங்கு அரியர் பீஸ் கட்டப்படும்" என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருந்தது. உள்ளே கம்ப்யூட்டருக்கு முன்னால் அந்த முறை போட்ட பெண். கடை அவளுடையதுதானாம். பையன்கள் வரிசையில் நின்றார்கள். விண்ணப்பம் போட முப்பது ரூபாய், கடைசி நாளில் வந்தால் ஐம்பது, சர்வர் தொங்கும் நேரத்தில் வந்தால் எழுபது.

"இது அநியாயம் இல்லையாம்மா?"

"அதே ஆளு, அதே வேலை, அவசரத்துக்கு ஏத்த மாதிரி ரேட்டு. மூணாவது யூனிட்ல வரும் சார்."

அவளுக்கே நுண்ணினப் பொருளியலில் ஒரு தாள் நின்றிருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. "உன்னுதுக்குப் பீஸ் கட்டிட்டியா?" என்றேன்.

"எங்க சார் கட்டறது? பரீட்சை அன்னிக்கிக் கடைய மூடணும். செமஸ்டர் டைம்ல ஒரு நாள் மூடினா எவ்ளோ போவும் தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டே அடுத்த பையனின் ஹால் டிக்கெட்டை அச்சில் விட்டாள். பிறகு என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்து, "முன்பக்கம் மட்டுமா சார், ரெண்டு பக்கமுமா?" என்றாள்.